காணொளி ஓடாத திரையும் செருகுநிரல் கேட்கும் பக்கமும்



ஊரில் ஒருவர் காலமாகிவிடுகிறார். இறுதிக் கிரியை காலை பத்து மணிக்கு என மரண அறிவித்தல் சொல்கிறது. அப்போது பாரிசில் பொழுது புலர்ந்தும் புலராத வேளை, ரொறன்ரோவில் நடுநிசி. பயணச்சீட்டு எடுத்துப் போய்ச்சேர முடியாத பிள்ளைகள் நேரலை இணைப்பைச் சொடுக்குகின்றனர். படம் வரவில்லை. கறுப்புக் கட்டம் ஒன்று தோன்றி, இதனைப் பார்க்கச் செருகுநிரல் தேவை, இங்கே சொடுக்கி நிறுவுக என்கிறது. கிரியை தொடங்கிவிட்டது, யோசிக்க நேரமில்லை, விரல் சொடுக்கிவிடுகிறது.

அந்த ஒரு சொடுக்கே இவ்வுரையின் பொருள். இன்று புழக்கத்திலுள்ள எந்த உலாவிக்கும் காணொளியை ஓட்டுவதற்கென இணையப் பக்கத்திலிருந்து செருகுநிரல் இறக்கி நிறுவ வேண்டிய தேவை இல்லை. ஆகவே அப்படிக் கேட்கும் பக்கம் ஒன்றில் பல ஆண்டுகளாகத் திருத்தப்படாத பழம் பக்கமாக இருக்க வேண்டும், அல்லது ஏமாற்றுப் பக்கமாக இருக்க வேண்டும். மூன்றாவது வகையைக் காண்பது மிக அரிது.

இந்நிலை எப்படி ஏற்பட்டது என்பதைச் சற்று விளக்கினால்தான் பெற்றோரிடம் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய பழக்கம் ஏன் ஆபத்தானது என்பது புலப்படும். உலாவி என்பது எழுத்தையும் அசையாப் படத்தையும் காட்டுவதற்காக உருவானது. ஒலியையும் அசையும் படத்தையும் அது அறியாது. எனவே 1995 அளவில் நெற்ஸ்கேப் நிறுவனம், பிறர் எழுதிய சிறு மென்பொருள்களை உலாவிக்குள் செருகிக்கொள்ள ஒரு வழியை அமைத்தது. பிளக்-இன் என்று எல்லோரும் அழைத்த செருகுநிரல் அதுதான். அதே ஆண்டில் ரியல்ஓடியோ வெளிவந்தது. அடுத்த ஆண்டில் மைக்ரோசொப்ட் தன் இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் உலாவிக்கு அக்ரிவ்எக்ஸ் என்னும் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. ஒன்றுக்கென எழுதியது மற்றொன்றில் ஓடாது. பின்னர் ரியல்பிளேயர், விண்டோஸ் மீடியா பிளேயர், குவிக்ரைம், பிளாஷ், 2007 இல் சில்வர்லைட் என ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் கதவு வைத்தது. ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனித் திறப்பு.

அக்காலத்தில் புலம்பெயர்ந்த வீடுகளில் ஏற்பட்ட சிக்கல்கள் பலருக்கும் நினைவிருக்கும். ரியல்பிளேயர் நிறுவியவுடன் விண்டோஸ் மீடியா கோப்புகளையும் அதுவே தன்னுடையதாக்கிக்கொள்ளும். பயர்பொக்ஸில் ஓடாத வானொலி இன்ரர்நெற் எக்ஸ்புளோரரில் ஓடும். 64 பிற் உலாவியைத் திறந்தால் 32 பிற் செருகுநிரல் அங்கே இருக்காது. இவற்றுக்கெல்லாம் அன்று ஒரே மருந்து, பழையதை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை இறக்கி நிறுவுவது. அது பெரும்பாலும் பலனளித்தது என்பதையும் மறுக்க இயலாது.

இடையில் வினோதமான நிகழ்வொன்றும் நடந்தது. உலாவிக்குள் வேறு மென்பொருளை இயக்கும் உத்தி தங்கள் காப்புரிமை என இயோலாஸ் என்னும் சிறு நிறுவனமும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொப்ட் மீது வழக்குத் தொடுத்தன. 2003 இல் ஜூரிகள் சுமார் 52 கோடி டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தனர். அதன் விளைவாக 2006 இல் எக்ஸ்புளோரர் உலாவி மாற்றப்பட்டு, காணொளிக் கட்டத்தை ஒருமுறை சொடுக்கி உயிர்ப்பித்த பின்னரே அது இயங்கும் என்றானது. கணினி பழுதாகிவிட்டதென்று கருதியவர்கள் பலர். பழுது கணினியில் இல்லை, நீதிமன்றத்தில் இருந்தது!

தமிழ்ப் பக்கங்களுக்கு இதே போன்ற இன்னொரு துன்பமும் இருந்தது. பாமினி முதலிய எழுத்துருக்களைத் தனியே இறக்கி நிறுவாவிட்டால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட் தமிழ் இயங்குதளத்துக்குள்ளேயே வந்த பிறகு எழுத்துரு தேடும் வேலை ஒழிந்தது. காணொளிக்கும் அதுவே நிகழ்ந்தது. வெளியிலிருந்து செருகப்பட்டது உலாவியின் உள்ளுறுப்பாயிற்று.

அம்மாற்றத்துக்குப் பாதுகாப்பே முதற் காரணம். செருகுநிரலில் ஓட்டை இருந்தால் பக்கத்தைத் திறந்த மாத்திரத்திலேயே தீநிரல் கணினிக்குள் புகுந்துவிடும். பிளாஷில் அத்தகைய ஓட்டைகள் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டாவது காரணம் கைப்பேசி. 2007 இல் வந்த ஐபோன் பிளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்ரீவ் ஜொப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். அக்காலத்தில் எச்.டி.எம்.எல். 5 என்னும் புதிய இணைய மொழியில் காணொளிக்கென ஒரு குறி சேர்க்கப்பட்டு, பயர்பொக்ஸ் 2009 இலும் எக்ஸ்புளோரர் 2011 இலும் அதனை ஏற்றன. யூரியூப் 2015 ஜனவரியில் அதனையே இயல்பு வழியாக்கிக்கொண்டது.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குரோம் 2015 செப்டெம்பரில் நெற்ஸ்கேப் கால முறையைக் கைவிட்டது. பயர்பொக்ஸ் 2017 மார்ச்சில் பிளாஷ் ஒன்றைத் தவிர மற்றவற்றை நீக்கியது. அடோபி நிறுவனம் பிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அது எதையும் ஓட்டாதவாறு தடுத்தது. சில்வர்லைட்டின் ஆதரவு 2021 ஒக்டோபரில் முடிந்தது. இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. இந்த ஆண்டுகளைப் பிள்ளைகள் மனனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால், பிளாஷ் பதிப்பைப் புதுப்பியுங்கள் என்று இன்று ஒரு பக்கம் சொன்னால், இல்லாத ஒன்றைப் புதுப்பிக்கச் சொல்கிறது என்பதைத் தாத்தா பாட்டிக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு அறிந்திருத்தல் நன்று.

ஏமாற்றுக்காரர்கள் செருகுநிரல் காலம் முழுவதும் இந்தப் பழக்கத்தின் மீதே பிழைத்தனர். 2005 இன் இறுதி முதல் பரவிய ஸ்லொப் என்னும் தீநிரல், காணொளியைப் பார்க்கத் தேவையான கோடெக் என்று வேடமிட்டே வந்தது. 2011 இல் மக் கணினிகளைத் தாக்கிய பிளாஷ்பாக், முதலில் பிளாஷ் நிறுவியாகத்தான் தோன்றியது. மறு ஆண்டில் அது ஜாவாச் செருகுநிரலின் ஓட்டை வழியே பரவி, ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக் கணினிகளைப் பற்றிக்கொண்டதாகப் பாதுகாப்பு நிறுவனங்கள் கணக்கிட்டன. மக் கணினிக்கு நோய் வராது என்னும் நம்பிக்கை அத்துடன் உடைந்தது. 2017 ஒக்டோபரில் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பரவிய பாட் ரபிற் என்னும் பணயத் தீநிரல், செய்தித் தளங்களை ஊடறுத்து, அங்கே பிளாஷ் புதுப்பிப்பு என்ற பெயரில் நின்றது. வாசகர் நம்பி வழமையாகப் படிக்கும் தளங்கள் அவை. எனவே, தெரிந்த தளம் என்பதால் மட்டும் அது நிறுவச் சொல்வதை நிறுவலாகாது.

இப்போது வேடம் மாறியிருக்கிறது. முகநூலில் வரும் மரண அறிவித்தல்களின் கீழே, இறுதிக் கிரியை நேரலை என்று போலி இணைப்பை இட்டுக் கடனட்டை எண் கேட்கும் மோசடி பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. துயரத்தில் இருப்பவர் ஆராயமாட்டார் என்பதே அதன் மூலதனம். ஊருக்குப் பணம் அனுப்பும் அதே கணினியில்தான் பெரும்பாலான குடும்பங்கள் இந்நேரலைகளையும் பார்க்கின்றன. ஆகையால் நேரலை இணைப்பைப் பின்னூட்டத்திலிருந்து எடுக்காமல், கிரியையை நடத்தும் குடும்பத்தவரிடம் தொலைபேசியில் கேட்டுப் பெறுவதே முறை. பார்ப்பதற்கு அட்டை எண் கேட்டால் அங்கேயே பக்கத்தை மூடிவிட வேண்டும்.

இனி, உண்மையான காணொளி உண்மையாகவே ஓடாமல் நிற்கும் நிலைக்கு வரலாம்.

முதலில் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். செருகுநிரல் வேறு, நீட்சி வேறு. விளம்பரத் தடுப்பான், மொழிபெயர்ப்பான், கடவுச்சொற் காப்பான் போன்றவை நீட்சிகள். அவை இன்றும் உண்டு. அன்று செருகுநிரல் இல்லாததால் காணொளி நின்றது. இன்று நீட்சி இருப்பதால் காணொளி நிற்பதுண்டு. விளம்பரத் தடுப்பான் காணொளியின் ஒரு துண்டையும் விளம்பரமென்று எண்ணித் தடுத்துவிடுகிறது. இதனைக் கண்டறிய எளிய சோதனை, அதே முகவரியைத் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பார்ப்பது. குரோமில் அது மறைநிலைச் சாளரம் எனப்படும். அங்கே நீட்சிகள் இயல்பாக இயங்குவதில்லை; பயனர் தாமே அனுமதி கொடுத்திருந்தால் மட்டும் இயங்கும். தனிச் சாளரத்தில் படம் ஓடினால் குற்றம் நீட்சியில், அல்லது உலாவி சேர்த்து வைத்துள்ள பழைய நினைவகத்தில். நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

அதிலும் ஓடவில்லையெனில் இன்னோர் உலாவியில் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றில் ஓடி மற்றொன்றில் ஓடாவிட்டால் ஓடாததைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தல் என்பது உலாவியின் சொந்தப் பட்டியலுக்குள், அதைப் பற்றி என்னும் பகுதிக்குச் சென்று செய்வது. இணையப் பக்கத்தில் மின்னும் பொத்தானை அழுத்துவதன்று. எந்த உலாவியிலும் ஓடாமல், அயல்வீட்டுக் கணினியிலும் ஓடாவிட்டால், பழுது அனுப்பும் பக்கத்தில் இருக்கிறது. அப்போது இங்கிருந்து எதைச் செய்தும் பயனில்லை.

ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாகவோ பச்சையாகவோ தெரிந்தால், உலாவி அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் என்பதை நிறுத்திவிட்டு உலாவியை மீளத் திறந்து பார்க்கலாம். வரைகலை அட்டையின் இயக்கி பழையதாக இருக்கும் கணினிகளில் இக்கோளாறு சாதாரணம். முடுக்கத்தை நிறுத்தியதும் படம் வந்தால், அந்த இயக்கியைப் புதுப்பிப்பதே நிரந்தரத் தீர்வு. இல்லையேல் நீண்ட காணொளிகளில் கணினி சூடேறி மூச்சு வாங்கும்.

ஐரோப்பாவில் வாழும் குடும்பங்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கணினி விற்பவர்களிற் சிலருக்கே அது தெரியாது என்பதால் இங்கு விரிவாகச் சொல்வது தகும். 2004 இல் ஐரோப்பிய ஆணையம், விண்டோஸுடன் மீடியா பிளேயரைப் பிணைத்து விற்றது போட்டிச் சட்டத்துக்கு மாறானது எனக் கூறி மைக்ரோசொப்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அதன் விளைவாக, மீடியா பிளேயர் நீக்கப்பட்ட விண்டோஸ் பதிப்பு ஒன்றும் விற்பனைக்கு வந்தது. பெயரின் இறுதியில் என் என்னும் ஆங்கில எழுத்தைத் தாங்கிய அப்பதிப்பு, விண்டோஸ் 10 இலும் 11 இலும் தொடர்கிறது. அதில் பிளேயர் மட்டுமன்றி, உலாவிகள் சில காணொளிகளை விரித்துக் காட்டப் பயன்படுத்தும் இயங்குதளக் கூறுகளும் இல்லை. ஆகவே புத்தம்புதுக் கணினியாக இருந்தும் பயர்பொக்ஸில் சில காணொளிகள் ஓடமாட்டா. அமைப்புகளில், கணினியைப் பற்றிய பகுதியில் பதிப்பின் பெயரைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். என் என்றிருந்தால், அதே அமைப்புகளில் விருப்பக் கூறுகள் என்ற பட்டியலில் மீடியா ஃபீச்சர் பாக் என்பதைச் சேர்த்துக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. வேறெங்கும் தேடி இறக்கவும் தேவையில்லை.

கட்டணத் திரைப்படத் தளங்களில் மட்டும் படம் மறுக்கப்படுமானால் காரணம் வேறு. அவை பூட்டிய படத்தை அனுப்புகின்றன. பூட்டைத் திறக்கும் வைட்வைன் முதலிய கூறு உலாவியுடனேயே வருகிறது, அல்லது உலாவி தானாகவே அதனை இறக்கிக்கொள்கிறது. பயர்பொக்ஸின் பொது அமைப்புகளில் டி.ஆர்.எம். உள்ளடக்கத்தை ஓட்டும் அனுமதி நீக்கப்பட்டிருந்தால் திரும்பக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. இந்த நாட்டில் இப்படம் கிடைக்காது என்று தளம் சொன்னால் அது பழுதே அன்று, உரிமை ஒப்பந்தம். அதைப் பழுதென்று கருதி எதையெதையோ நிறுவியவர்கள் உண்டு.

கணினியின் கடிகாரம் தவறாக இருந்தாலும் பாதுகாப்பான இணைப்பு மறுக்கப்படும். பழைய மடிக்கணினியில் மின்கலம் செத்துத் தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால் காணொளி மட்டுமன்றிப் பக்கமே திறக்காது. முதலில் தேதியைப் பாருங்கள்.

இதுவரை சொன்னவை இன்று ஒளிபரப்பாகும் காணொளிகளைப் பற்றியவை. இவற்றைவிடப் பெரிய இழப்பு வேறோரிடத்தில் சத்தமின்றி நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாக்கள், அரங்கேற்றங்கள், கோயில் தேர், முதியவர்களின் உரைகள் எனப் பலவும் ரியல் அல்லது விண்டோஸ் மீடியா வடிவில் இணையத்தில் ஏற்றப்பட்டன, குறுவட்டுகளிலும் எழுதப்பட்டன. செருகுநிரல் மறைந்தபோது அந்த ஒளிப்பதிவுகள் அழியவில்லை. அவற்றைத் திறக்கும் கதவு மட்டுமே மறைந்தது. கோப்பு கையில் இருக்குமானால் இன்றும் அதனைப் பார்க்கலாம்.

கோப்பு உண்மையிலேயே கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அன்று இணையப் பக்கத்திலிருந்து காணொளியைச் சேமித்ததாக எண்ணிய பலர் சேமித்தது ஆர்.ஏ.எம். என்று முடியும் கோப்பை. அதற்குள் காணொளி இல்லை. காணொளி எங்கே இருக்கிறது என்னும் முகவரி ஒரு வரியில் இருக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் மீடியாவுக்கு ஏ.எஸ்.எக்ஸ். என்பது அதே வகை. கோப்பின் அளவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு மணி நேர அரங்கேற்றம் ஒரு கிலோபைற்றுக்குள் அடங்காது. குறிப்பேட்டு மென்பொருளில் திறந்து பார்த்தால் ஆர்.டி.எஸ்.பி. அல்லது எம்.எம்.எஸ். என்று தொடங்கும் முகவரி தெரியும். அந்த முகவரியிலிருந்த வழங்கி இன்று பெரும்பாலும் இயங்காது. இணையப் பக்கங்களைச் சேமிக்கும் காப்பகங்களிலும் இத்தகைய ஒளியோடைகள் பெரும்பாலும் சிக்கவில்லை; அவை பக்கத்தின் பகுதியாக அன்றி வேறு நெறிமுறையில் அனுப்பப்பட்டன. அப்படியாயின், மூலப்பதிவு யாரிடம் இருக்கிறது என்று தேடுவது ஒன்றே வழி. விழாவைப் படம்பிடித்தவரின் வீட்டில் ஒளிநாடாவாக அது இன்னும் இருக்கலாம். அவருக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது.

கோப்பு ஆர்.எம்., டபிள்யூ.எம்.வி., எஃப்.எல்.வி. என்று முடிந்து பல மெகாபைற் அளவில் இருந்தால் கவலை வேண்டாம். அதற்காக ரியல்பிளேயரின் பழம் பதிப்பைக் கண்ட கண்ட தளங்களில் தேடுவது தவறு. வீ.எல்.சி. என்னும் இலவச இயக்கியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் போதும். பிரான்சில் உள்ள பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001 முதல் திறந்த மூலமாக வழங்கப்படும் மென்பொருள் அது. இம்மூன்று வடிவங்களையும் அது பெரும்பாலும் தானாகவே ஓட்டும். ஓடுகிறதெனக் கண்டதும், அதே மென்பொருளின் மாற்று, சேமி என்னும் கட்டளையால் எச். 264 முறையில் எம்.பி. 4 கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். எம்.பி. 4 கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் ஓடும். மாற்றியபின் பழைய கோப்பை அழிக்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது துல்லியம் குறைகிறது. நாளை இதைவிடச் சிறந்த முறை வந்தால் மூலத்திலிருந்தே மீண்டும் மாற்ற வேண்டியிருக்கும். அக்காலக் காணொளிகள் பெரும்பாலும் 320 இற்கு 240 புள்ளி அளவிலானவை. பெரிய திரையில் மங்கலாகத் தெரிவது கோளாறு அன்று. அளவைப் பெருக்கி மாற்றுவதால் முகம் தெளிவாகிவிடாது.

எஸ்.டபிள்யூ.எஃப். என்று முடியும் பிளாஷ் கோப்புகள் வேறு இனம். தமிழ் அரிச்சுவடி விளையாட்டுகள் போன்றவை இவ்வடிவில் இருந்தன. அவற்றுக்கு ரஃபிள் என்னும் திறந்த மூலப் போலிமி இருக்கிறது. இன்ரர்நெற் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் தன்னிடமுள்ள பிளாஷ் ஆக்கங்களை அதன் மூலமே காட்டுகிறது. எல்லாக் கோப்பும் அதில் ஓடும் என்று சொல்வதற்கில்லை. பிற்காலப் பிளாஷ் ஆக்கங்கள் சில இடையில் நின்றுவிடும்.

பழைய எக்ஸ்புளோரரும் பழைய பிளாஷும் உள்ள கணினியை இதற்கென்றே பேணிவரும் தந்தையர் சிலர் இருக்கின்றனர். பேணுவதில் தவறில்லை. அதனை இணையத்துடன் இணைக்காமல், கோப்புகளை யூ.எஸ்.பி. வழியே மட்டும் எடுக்க வேண்டும்.

இளையோருக்கு இங்கே செய்வதற்கு வேலை இருக்கிறது. வீட்டு அலுமாரியில் குறுவட்டுகள் கிடக்கும். வீட்டில் எழுதிய குறுவட்டின் சாயப்படலம் காலப்போக்கில் கெடுவது; புதிய மடிக்கணினிகளில் வட்டு இயக்கியும் வருவதில்லை. யூ.எஸ்.பி. வட்டு இயக்கி ஒன்றை வாங்கி, வட்டில் உள்ளவற்றை முதலில் அப்படியே படியெடுத்து, பிறகு மாற்ற வேண்டும். படியெடுக்கும்போது அம்மாவையோ அம்மம்மாவையோ அருகில் இருத்திக்கொள்வது அவசியம். மேடையில் மூன்றாவதாக நிற்கும் பிள்ளை யார், மிருதங்கம் வாசித்தவர் யார், அந்த மண்டபம் எந்த ஊரில் இருந்தது என்பதைக் கணினியால் சொல்ல இயலாது. அவர்கள் சொல்லச் சொல்ல, ஆண்டு, ஊர், நிகழ்ச்சி, பங்குபற்றியோர் பெயர் என்ற வரிசையில் ஒரு சிறு குறிப்பை யுனிகோட் தமிழில் எழுதிக் கோப்புடனேயே வைத்து, ஒரு பிரதியை வீட்டிலும் மற்றொன்றை வேறு நகரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைக்கலாம். இந்த வார இறுதியில் ஒரு வட்டில் தொடங்கினால் போதும்.